பேசினால் என்ன மாறிவிடும்?

வேலை, மணவாழ்க்கை, பிரிவு, ஓய்வு, இழப்பு என்று வாழ்க்கை தடம் மாறும்போது வரும் மன நெருக்கடி பற்றியும், அதற்குத் தெரபி என்ற பேச்சு வழிச் சிகிச்சை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மனநல ஆலோசகர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மனசு சரியில்லை என்றால் என் தோழிக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் புலம்பித் தீர்ப்பேன். பாரம் இறங்கிவிடும். இதையே முன்பின் தெரியாத ஒருவரிடம் பணம் கொடுத்துச் செய்வதில் என்ன லாபம்?

பதில்: பாரம் இறங்குகிறது, சரி. எத்தனை நாளைக்கு? அடுத்த வாரமும் அதே விஷயத்துக்காக அதே தோழியை அழைக்க வேண்டியிருந்தால், புலம்பல் அன்றைய வலியைத்தான் குறைத்திருக்கிறது. நல்ல தோழி உங்கள் பக்கம் நிற்பார். “அவங்க அப்படித்தான், விடு” என்பார். அந்த ஆதரவுக்கு மாற்று கிடையாது. ஆனால் இரண்டு பேர் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப அலசினால் நட்பும் நெருக்கமாகும், பதற்றமும் கூடவே ஏறும். பதின்வயதினரிடம் நடந்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பெரியவர்களிடமும் ஆலோசனை அறையில் இதைப் பார்க்கலாம்.

தெரபிஸ்ட் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. “வீட்டில் என்னை யாரும் மதிப்பதில்லை” என்று நீங்கள் சொன்னால் அவர் ஆமாம் போடவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். “கடைசியாக எப்போது அப்படித் தோன்றியது?” என்பார். “நேற்று ராத்திரி.” “என்ன நடந்தது? வரிசையாகச் சொல்லுங்கள்.” நீங்கள் ஏதோ சொல்ல ஆரம்பித்தீர்கள். கணவர் போனைத் தள்ளிக்கொண்டே ‘ம்’ கொட்டினார். நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினீர்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “பாதியில் நிறுத்திய அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது?” இந்த இடத்துக்கு வந்து சேரவே இருபது நிமிடம் ஆகலாம். ஆனால் ‘யாரும் மதிப்பதில்லை’ என்ற பொதுப் புகார் இப்போது ஒரு செயலாகச் சுருங்கியிருக்கிறது: எதிராளியின் கவனம் சிதறினால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன், பிறகு கோபத்தைப் பாத்திரத்தில் காட்டுகிறேன். செயல் என்றால் மாற்றிப் பார்க்கலாம். “ரெண்டு நிமிஷம் பேசணும், போனைக் கீழே வைங்க” என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது, இந்த வாரம் மூன்று முறை. என்ன ஆனது என்பதை அடுத்த செஷனில் பார்ப்பார்கள். கணவர் மாறாமலும் போகலாம். அதுவும் ஒரு தகவல்தான், அடுத்த அடியை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தோழியை விட்டுவிடாதீர்கள். அவரும் வேண்டும்.

கேள்வி: முதல் நாள் போனால் என்ன கேட்பார்கள்? குழந்தைப் பருவத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முதல் செஷன் பெரும்பாலும் தகவல் சேகரிப்புதான். வழக்கமான செஷன் 45 முதல் 50 நிமிடம். முதல் சந்திப்பு மட்டும் ஒன்றரை மணி நேரம் வரை நீளலாம். என்ன பிரச்சினை, எப்போது தொடங்கியது, ஏன் இப்போது வந்தீர்கள் (முன்பே இருந்த பிரச்சினைக்கு இந்த வாரம் ஏன் என்பது முக்கியமான கேள்வி), தூக்கம், பசி, மது, புகை, சாப்பிடும் மருந்துகள், உடல் நோய்கள், குடும்பத்தில் மனநோய், தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்பதெல்லாம் கேட்கப்படும். கடைசிக் கேள்வியைக் கேட்டு மிரள வேண்டாம். எல்லோரிடமும் கேட்பதுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பல இடங்களில் கேள்வித்தாள் தருவார்கள். மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9 என்பதில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7 என்பதில் ஏழு கேள்விகள், 21 புள்ளி. இரண்டுமே கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கின்றன. இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எண் மட்டுமே நோய் இன்னது என்று தீர்மானிக்காது. ஆனால் முதல் நாள் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையில் எடுத்துப் போக மூன்று வரி போதும்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எது மாறினால் இந்தத் தெரபி வேலை செய்தது என்று சொல்வேன். மூன்றாவது வரிதான் பலருக்கும் வராது. ‘நிம்மதி வேண்டும்’ என்று எழுதுவார்கள். நிம்மதி வந்தால் திங்கட்கிழமை காலை என்ன வித்தியாசமாக இருக்கும் என்று யோசித்தால் எழுத வரும்.

நீங்களும் கேள்வி கேட்கலாம்; கேட்க வேண்டும். என்ன படித்திருக்கிறீர்கள், எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், இப்படிப்பட்ட பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, சுமார் எத்தனை செஷன், வர முடியாமல் போனால் கட்டணம் உண்டா? இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

கேள்வி: நான் சொல்வதை வெளியே சொல்லிவிட மாட்டார் என்று எப்படி நம்புவது?

பதில்: ரகசியம் காப்பது அவருடைய தொழில் கடமை. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைகள் மீதான வன்முறை, நீதிமன்ற உத்தரவு. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். முதல் செஷனிலேயே அவராக இதைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். அலுவலகம் ஏற்பாடு செய்த ஆலோசகர் என்றால், நிர்வாகத்துக்கு எந்தத் தகவல் போகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: பத்து வருட உழைப்புக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தூக்கம் போய்விட்டது, காலையில் எழவே பிடிக்கவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இதற்கெல்லாமா தெரபி?

பதில்: இதற்கும்தான். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள எவ்வளவு சிரமம் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். துணையின் மரணம் 100. திருமணம் 50, ஓய்வு பெறுவது 45. ‘குறிப்பிடத்தக்க தனிப்பட்ட சாதனை’க்கும் 28 உண்டு. இந்த மதிப்பெண்ணைக் கூட்டி ஒரு தனி மனிதருக்கு என்ன ஆகும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் நல்ல மாற்றமும் மாற்றம்தான் என்பதை அது பதிவு செய்தது.

உங்கள் நிலைக்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970-களில் உருவாக்கிய ஐ.பி.டி. என்ற, உறவுகளை மையமாக வைத்த தெரபி. 12 முதல் 16 செஷன். மனச்சோர்வோடு வருபவரின் சிக்கலை நான்கு தலைப்பில் ஒன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: இழப்பின் துக்கம், உறவில் தகராறு, பொறுப்பு மாற்றம், நெருங்கிய உறவுகளே அமையாமை. உங்களுடையது மூன்றாவது.

முதலில் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். உத்தரவு வந்தது எப்போது, தூக்கம் கெட்டது எப்போது? பலருக்கு இது ஒன்றே பாதி நிம்மதி. ‘எனக்கு என்னமோ ஆகிவிட்டது’ என்பது போய் ‘எனக்கு இது நடந்ததால் இப்படி இருக்கிறது’ என்று ஆகும். அடுத்து, பழைய பொறுப்பில் என்ன பிடித்திருந்தது, என்ன பிடிக்கவில்லை? பழையதைப் பொன்னாக நினைவு வைத்திருப்போம். மூன்று வருடம் முன்பு அதே வேலையைத் திட்டித் தீர்த்தது மறந்திருக்கும். இருந்தாலும் இழந்தது நிஜம்தான். கூட இருந்து கிண்டலடித்தவர்கள் இப்போது நீங்கள் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள் அல்லவா? பதவி உயர்வுக்கு வாழ்த்து வாங்கியவர் அதற்காக வருந்த இடமே கிடைப்பதில்லை. அந்த வருத்தத்துக்கு ஒன்றிரண்டு செஷன் ஒதுக்குவது வீண் செலவு இல்லை.

பிறகு புதிய பொறுப்பு. யார் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், அதை யார் சொன்னார்கள்? எதிர்பார்ப்புகளில் சிலவற்றை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்களே வைத்துக்கொண்டவை. மிச்சம் இருப்பவற்றில் எந்தத் திறமை இன்னும் கைவரவில்லை என்று ஒன்றை எடுத்து அறையிலேயே பழகுவார்கள். உதாரணமாக, நேற்று வரை சக ஊழியர், இன்று உங்களுக்குக் கீழே. அறிக்கையைத் தாமதமாகத் தருகிறார். தெரபிஸ்ட் அந்த ஊழியராக நடிப்பார். நீங்கள் முதல் தடவை, “உங்களுக்கு டைம் இருந்தா, முடிஞ்சா…” என்று இழுப்பீர்கள். அவர் “பாக்கறேன்” என்று நழுவுவார். மூன்றாவது தடவை, “புதன்கிழமை தர்றதா பேசியிருந்தோம். இன்னிக்கு வெள்ளி. எங்கே நிக்குது?” என்று வரும். குரல் உயரவில்லை, மன்னிப்பும் இல்லை. இதை வாயால் சொல்லிப் பழகாமல் மனதில் மட்டும் ஒத்திகை பார்த்தவர்களுக்கு அந்த நேரத்தில் வாய் வராது.

ஒரு எச்சரிக்கை: தூக்கம் கெட்டிருக்கும் வாரங்களில் ‘ராஜினாமா செய்யட்டுமா, வேண்டாமா’ என்று முடிவெடுக்கத் தெரபியைப் பயன்படுத்தாதீர்கள். ஒத்திப்போட முடிந்த முடிவுகளை ஒத்திப்போடுங்கள்.

கேள்வி: சி.பி.டி. என்பது ‘பாசிட்டிவாக யோசி’ என்பதைத்தானே நீட்டி முழக்கிச் சொல்கிறது?

பதில்: இல்லை. சி.பி.டி. என்பது எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றிப் பார்க்கும் தெரபி. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் இதை வகுத்தபோது கேட்கச் சொன்னது ‘இந்த எண்ணம் எவ்வளவு உண்மை’ என்பதைத்தான். அது ஒரு தாளில் நடக்கும் வேலை. இப்படி:

சூழ்நிலை: இரவு 9:40, மேலதிகாரியிடமிருந்து ‘நாளை காலை பேசணும்’ என்று மெசேஜ். உணர்ச்சி: பயம், 100-க்கு 85. ஓடிய எண்ணம்: என்னை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்கள். இதை எவ்வளவு நம்புகிறேன்: 80 சதவீதம். ஆதரவான ஆதாரம்: போன மாதம் இரண்டு பேரை அனுப்பினார்கள். எதிரான ஆதாரம்: இதே போல முன்பு மூன்று மெசேஜ் வந்தது, மூன்றும் அறிக்கைத் தேதி பற்றியவை. அனுப்பப்பட்ட இருவருக்கும் முன்கூட்டியே தகவல் போயிருந்தது. போன வாரம்தான் புதிய வேலை ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். சமநிலையான எண்ணம்: என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. வேலை போகும் பேச்சாகவும் இருக்கலாம், அதற்கான அறிகுறி குறைவு. பயம் இப்போது: 50.

50-தான். பூஜ்யம் வராது, வர வேண்டியதும் இல்லை. 85-ல் விடிய விடிய விழித்திருப்பீர்கள், 50-ல் தூங்கிவிடலாம்.

இதில் வழக்கமாகச் சொதப்பும் இடங்கள் உண்டு. ஆதாரம் என்ற இடத்தில் ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்று எழுதுவது; தோன்றுவது ஆதாரமில்லை, நீதிமன்றத்தில் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணம் என்ற இடத்தில் கேள்வியை எழுதுவது, ‘என்ன ஆகுமோ?’ என்பதை ஆராய முடியாது, ‘வேலை போய்விடும்’ என்று முடித்து எழுதினால் முடியும். கடைசியில் ‘எல்லாம் நல்லதே நடக்கும்’ என்று முடிப்பது. உங்களுக்கே நம்பிக்கை வராது, எண்ணும் இறங்காது. நாலு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதுவது; சூடு ஆறியபின் எல்லா எண்ணமும் அசட்டுத்தனமாகத் தெரியும்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால்? வேலை நிஜமாகவே போகிறது என்றால் இந்தத் தாளை மூடிவிட வேண்டும். உண்மையான பிரச்சினையோடு வாதாடிப் பயனில்லை. அப்போது எடுப்பது பிரச்சினை தீர்க்கும் முறை: சிக்கலை ஒரு வாக்கியத்தில் எழுதி, நல்லது கெட்டது பார்க்காமல் வழிகளைக் கொட்டி, பிறகு ஒவ்வொன்றின் சாதக பாதகத்தைப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, இந்த வாரம் முதல் அடி என்ன என்று தேதி குறிப்பது. எது தேவையென்று தெரியாமல், நிஜமான கடன் சுமையோடு வந்தவரிடம் எண்ணத்தாளை நீட்டும் தெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். “இது எண்ணப் பிரச்சினை இல்லை, பணப் பிரச்சினை” என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. நாள் முழுக்க நாற்காலி, டிவி, எரிச்சல். தெரபி என்றாலே ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்கிறார்.

பதில்: அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். “தூக்கம் சரியில்லையே, ஒருத்தரைப் பார்க்கலாமா, ஒரே ஒரு தடவை” என்றால் பலர் வருவார்கள். வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர்களுக்கு உணர்ச்சிகளைப் பேசுவதைவிடச் செயலில் தொடங்கும் சிகிச்சை சுலபமாகப் பிடிபடும்.

1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் வகுத்த பாதை அது. சோர்வு வந்தால் செயல் குறைகிறது, செயல் குறைந்தால் மனதுக்குக் கிடைக்கும் நிறைவு குறைகிறது, அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுழலைச் செயல் பக்கத்திலிருந்து உடைப்பது. முதல் வாரம் ஒன்றையும் மாற்ற மாட்டார்கள். மணிக்கு மணி என்ன செய்தேன் என்று ஒரு அட்டவணை, பக்கத்தில் இரண்டு எண்: சந்தோஷம் 0–10, எதையோ செய்து முடித்த நிறைவு 0–10. ‘நாள் பூரா ஒரே மாதிரிதான்’ என்பவரின் அட்டவணையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். டிவிக்கு சந்தோஷம் 3, நிறைவு 0. குழாயைச் சரி செய்ததற்கு சந்தோஷம் 2, நிறைவு 7. இப்போது எதைக் கூட்ட வேண்டும் என்று தெரிகிறது.

இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு மூன்று வேலைகளை நேரம் குறித்து வைப்பார்கள். தவறு பெரும்பாலும் அளவில்தான் நடக்கும். ‘தினமும் நடைப்பயிற்சி’ என்ற தீர்மானம் நான்காம் நாள் செத்துப்போகும். ‘திங்கள், புதன், வெள்ளி காலை 6:30-க்குப் பத்து நிமிடம்’ என்பது நிற்கும். செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எட்டு புள்ளியாவது இருக்க வேண்டும். குறைந்தால் வேலையைப் பாதியாக்க வேண்டும். மனசு வந்தால் செய்வேன் என்று காத்திருப்பதுதான் அடுத்த பள்ளம். மனசு பின்னால்தான் வரும். முதல் இரண்டு வாரம் வராமலே கூட இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: அட்டவணையை எட்டிப் பார்க்காமல் இருப்பது. மேற்பார்வை வந்த நிமிடம் அவர் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார்.

கேள்வி: விவாகரத்துக்குப் பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, விடியும் வரை ஒரே யோசனை. நினைக்காமல் இருக்கவே முடியவில்லை.

பதில்: நினைக்கக் கூடாது என்று முயன்றால் இன்னும் அதிகமாகத்தான் வரும். தடை போடாமல் நேரம் ஒதுக்குங்கள். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் 1983-ல் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 15 முதல் 30 நிமிடம் கவலைக்கென்றே. மாலை வேளை நல்லது, உதாரணமாக ஆறரை மணி. படுக்கையில் கூடாது, தூங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் கூடாது. பகலிலோ இரவிலோ கவலை வந்தால் ஒரு வரியில் குறித்துவிட்டு ‘ஆறரைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்க வேண்டும். ஆறரைக்கு உட்கார்ந்து, குறித்தவற்றில் எதற்கு ஏதாவது செய்ய முடியும், எதற்கு முடியாது என்று பிரியுங்கள். முதல் வகைக்கு அடுத்த அடியை எழுதுங்கள். இரண்டாம் வகையை நேரம் முடியும் வரை எண்ணிப் பார்க்கலாம். நிறைய பேருக்கு அந்த நேரத்தில் கவலையே வராது. அதற்காக உட்காருவதை விட்டுவிட்டால் மூன்றாம் நாள் பழையபடி இரண்டு மணிக்கே வரும்.

விழிப்பு வந்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராததுபோல் இருந்தால் (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், குத்துமதிப்புப் போதும்) எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். தூக்கம் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். எவ்வளவு மோசமான இரவானாலும் காலையில் எழும் நேரம் மாறக் கூடாது. பகலில் ஈடுகட்டித் தூங்கினால் மறுநாள் இரவும் போச்சு.

கேள்வி: ஆறு செஷன் முடிந்தது. ஒரு மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: முதல் நாள் கேள்வித்தாளை மறுபடி நிரப்புங்கள். பி.எச்.கியூ-9 ஐந்து புள்ளி குறைந்திருந்தால் அது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்னேற்றம். மெதுவாக வருவதால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் சகாக்களும் 1986-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, எட்டு செஷனுக்குள் சுமார் பாதிப் பேருக்கும், 26 செஷனுக்குள் சுமார் முக்கால்வாசிப் பேருக்கும் அளவிடக்கூடிய முன்னேற்றம் இருந்தது. அதாவது ஆறில் தெரியாதது அதிசயமில்லை. ஆனால் எண் அசையவே இல்லை, அல்லது ஏறியிருக்கிறது என்றால் சும்மா தொடரக் கூடாது. தெரபிக்கு வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் மோசமாகிறார்கள் என்பது இந்தத் துறை வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம்.

நிறுத்தும் முன் அவரிடமே சொல்லுங்கள். பலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். ஐந்தில் ஒருவர் பாதியில் விலகுவதாகத் தொகுப்பு ஆய்வுகள் சொல்கின்றன. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கை. எது உடைந்திருக்கிறது என்று பாருங்கள். “அம்மாவைப் பற்றியே பேசுகிறோம், நான் வந்தது வேலைப் பிரச்சினைக்கு” என்றால் இலக்கு. “தாள் நிரப்புவது எனக்கு ஒத்துவரவில்லை” என்றால் வேலை. “நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்களோ என்று சிலதை மறைக்கிறேன்” என்றால் நம்பிக்கை. இப்படிச் சொன்னபின் அவர் என்ன செய்கிறார் என்பதே உங்களுக்குப் பதில். கேட்டுக்கொண்டு திட்டத்தை மாற்றினால் இன்னும் மூன்று நான்கு செஷன் பாருங்கள். தற்காத்துக்கொண்டு உங்களையே குறை சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். வீட்டுப்பாடம் செய்தீர்களா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் 168 மணி நேரம், செஷன் அதில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

கேள்வி: செஷன் முடிந்து வந்தால் அன்று முழுக்க அழுகையும் அசதியும். இது சரியா?

பதில்: ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிட்டால் சரி. அந்த நாளில் முக்கியமான மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த செஷன் வரை நீடித்தால், தூக்கம், வேலை இரண்டும் கெட்டால், வேகம் அதிகம் என்று அர்த்தம். “கடைசிப் பத்து நிமிடம் கனமான விஷயம் வேண்டாம்” என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் அதைத் தானாகவே செய்வார்.

கேள்வி: மனநல மருத்துவரிடம் போவதா, ஆலோசகரிடம் போவதா?

பதில்: மருந்து எழுதுவது மனநல மருத்துவர். பேச்சு வழிச் சிகிச்சை தருவது உளவியலாளரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ. மாற்றத்தோடு வந்த சாதாரண நெருக்கடிக்கு ஆலோசகரிடம் தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வேலையே ஓடவில்லை, எடை இறங்குகிறது, இல்லாத குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூங்காமலே உற்சாகம் பொங்குகிறது என்றால் முதலில் மருத்துவர். சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறத் தொடங்கினால் நேரம் வாங்கக் காத்திருக்க வேண்டாம். ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மனச்சோர்வு நடுத்தரத்துக்கு மேல் என்றால் மருந்தும் தெரபியும் சேர்ந்து, தனித்தனியாகத் தருவதைவிட நன்றாக வேலை செய்யும். மருந்தின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு வேஷத்தில் வரும். அதைப் பேசிச் சரி செய்ய முடியாது.

கேள்வி: அம்மா இறந்து நான்கு மாதம். இன்னும் அழுகிறேன். தெரபிக்குப் போ என்கிறார் அண்ணன்.

பதில்: நான்கு மாதத்தில் அழுவது நோயில்லை. அழுகைக்கு நடுவே வேலை பார்க்கிறீர்களா, ஏதாவது ஒன்றுக்குச் சிரிக்கிறீர்களா? துக்கத்தில் இருப்பவர் ஒரு பொழுது இழப்பின் பக்கமும் ஒரு பொழுது அன்றாடத்தின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார். அந்தப் போக்குவரத்து நடந்தால் விட்டுவிடலாம். ஏக்கம் துளியும் தணியாமல் வாழ்க்கையே நின்றுவிட்ட நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறது. அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு. பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் அதற்கு முன்பே போகலாம், அண்ணனுக்காகப் போக வேண்டாம்.

கேள்வி: தம்பதி ஆலோசனைக்கு மனைவி வர மறுக்கிறார். நான் மட்டும் போய் என்ன பயன்?

பதில்: சண்டையில் உங்கள் பாதியை மாற்றலாம். அது குறைவான பயன் இல்லை. வராதவரைத் திருத்தும் வழி கேட்டுப் போனால்தான் ஏமாற்றம். வீட்டில் அடி உதை இருந்தால் மட்டும் சேர்ந்து போகாதீர்கள். அறையில் சொன்னதற்கு வீட்டில் பழிவாங்கல் நடக்கும்.

கேள்வி: வீடியோவில் தெரபி எடுத்தால் நேரில் போவது போல இருக்குமா?

பதில்: பதற்றம், மனச்சோர்வுக்குப் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். கெடுப்பது சூழல். கதவு சாத்திய அறை, இயர்போன், மற்ற அறிவிப்புகள் அணைத்த போன், இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்ற முன் ஏற்பாடு இருக்கட்டும். வீட்டில் யாராவது கேட்கக்கூடும் என்றால் பாதி விஷயத்தைச் சொல்லவே மாட்டீர்கள். முடிந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு உடனே அலுவலக அழைப்பில் சேராதீர்கள். பயண நேரம் இல்லாததால் மனம் ஆறுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. பத்து நிமிடமாவது விடுங்கள்.

கேள்வி: தெரபியை எப்போது முடிப்பது? போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

பதில்: முதல் நாள் எழுதிய மூன்றாவது வரி நடந்துவிட்டதா என்று பாருங்கள். நடந்திருந்து, அது ஒரு மாதமாக நிலைத்தும் இருந்தால் இடைவெளியை விரிக்கலாம். வாரம் ஒன்று, இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. சட்டென்று நிறுத்துவதைவிட இது பாதுகாப்பு, ஏனென்றால் இடைவெளியில் வரும் சறுக்கலை நீங்களே சமாளித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். கடைசி இரண்டு செஷனில் ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என் மனநிலை மறுபடி சரிகிறது என்பதற்கு முதல் மூன்று அடையாளம் எவை, அப்போது எந்த இரண்டு பயிற்சியை உடனே தொடங்குவேன், யாரிடம் சொல்வேன், எத்தனை நாளில் தேறாவிட்டால் திரும்ப அழைப்பேன். அடையாளங்களை உங்களுக்கு முன்பே கவனிப்பவர் வீட்டில் ஒருவர் இருப்பார், அவரையும் கேட்டு எழுதுங்கள். “போனை எடுக்காம விட ஆரம்பிப்பே” என்று அவர் சொல்வது, ‘சோர்வாக இருக்கும்’ என்று நீங்கள் எழுதுவதைவிட உபயோகமான வரி.